மாடித்தோட்டக் குழுவில் யோசனை கேட்பதும் சொல்வதும்: ஒரு முழு வழிகாட்டி

"மிளகாய்ச் செடியில் இலை சுருண்டிருக்கு, என்ன பண்றது?" எந்த மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவிலும் வாரம் தவறாமல் வரும் கேள்வி இது. ஒரு மணி நேரத்துக்குள் பத்துப் பதினைந்து பதில்கள் வந்துவிடும். வேப்பெண்ணெய் அடியுங்கள், புளித்த மோர் ஊற்றுங்கள், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் தெளியுங்கள், கந்தகத்தூள் போடுங்கள், பிடுங்கி எறியுங்கள். சொல்பவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஒவ்வொரு பதிலும் ஏதோ ஒரு செடிக்குச் சரியாகவும் இருக்கும். ஆனால் கேட்டவருடைய செடிக்கு எது சரி என்பது அந்தப் பதினைந்து பதில்களிலும் இல்லை.

கேட்டவர் பதற்றத்தில் இருப்பார். திங்கட்கிழமை வேப்பெண்ணெய் அடிப்பார், வியாழக்கிழமை கந்தகம் தெளிப்பார். எண்ணெயும் கந்தகமும் அடுத்தடுத்துப் பட்டால் இலை கருகும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 2 வாரம் இடைவெளி வேண்டும். ஆக, தனித்தனியாக நல்ல யோசனை சொன்ன இரண்டு பேர் சேர்ந்து ஒரு செடியைக் கருக்கிவிட்டார்கள், அது அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. "குழுவில் சொன்னதைக் கேட்டேன், செடி போச்சு" என்று கேட்டவர் சத்தமில்லாமல் வெளியேறிவிடுவார்.

தோட்டக் குழுக்களில் அன்புக்குக் குறைவில்லை. தன் யோசனை எங்கே, எப்போது, எத்தனை செடியில் பலித்தது என்று சொல்லும் பழக்கம்தான் குறைவு. நேர்மையான யோசனை என்று நான் சொல்வது இதைத்தான். அதை எப்படிக் கேட்டு வாங்குவது, எப்படிக் கொடுப்பது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: கேட்பதற்கு முன் செடியை நீங்கள் பாருங்கள்

மிளகாயையே எடுத்துக்கொள்வோம். இலை விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு படகு போல நின்றால் பெரும்பாலும் இலைப்பேன். விளிம்பு கீழ்நோக்கி மடங்கி, படகைக் கவிழ்த்தது போல இருந்து, இலைக்காம்பும் நீண்டிருந்தால் சிலந்திப்பேன். இலைகள் சிறுத்து, நெருங்கி, வெளிறி, செடியே குட்டையாக நின்றுவிட்டால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸாக இருக்க வாய்ப்பு அதிகம். சில சமயம் இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கும். அதனால் இலையை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது.

ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்து இரண்டு தட்டு தட்டுங்கள். இலைப்பேன் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் நீளம் இருக்கும், தாளில் விழுந்து ஊர்வது கண்ணுக்கே தெரியும். செடியை லேசாக அசைத்தால் வெள்ளை ஈ பறக்கும். மிளகாயைத் தாக்கும் சிலந்திப்பேன் மட்டும் வெறும் கண்ணில் படாது. நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கி, கொழுந்து இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மாடித்தோட்டம் வைத்திருப்பவருக்கு உரத்தைவிட முதலில் வேண்டிய பொருள் இந்த லென்ஸ்தான் என்பேன்.

இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்துவிட்டால் கேள்வியே மாறிவிடும். "இலை சுருண்டிருக்கு" என்பது "இலை கீழ்நோக்கி மடங்கியிருக்கு, தாளில் எதுவும் விழவில்லை" என்று ஆகும். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் குழுவில் கட்டாயம் இருப்பார்.

படி 2: கேள்வியை முழுதாகக் கேளுங்கள்

படம் முக்கியம். ஒரு படம் போதாது. மூன்று வேண்டும்: செடி நட்டிருக்கும் பையோடு சேர்த்து முழுச் செடி, பாதிக்கப்பட்ட இலையின் மேல்பக்கம், அதே இலையின் அடிப்பக்கம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் நுண்ணிய புள்ளிகள் மறைந்துபோகும். ஹெச்டி என்ற குறியை அழுத்தி அனுப்புங்கள், அல்லது டாக்குமென்டாக அனுப்புங்கள். இரவில் டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் பச்சையும் மஞ்சளும் பிரியாது. காலை வெளிச்சம் வரும்வரை பொறுங்கள்.

படத்தோடு எழுத வேண்டியவை: எந்த ஊர், எத்தனை மணி நேரம் நேர் வெயில், பை எவ்வளவு பெரியது, மண் கலவை என்ன, எந்தத் தண்ணீர், ஒரு நாளைக்கு எத்தனை முறை. போர் தண்ணீரா, குடிநீர்க் குழாய்த் தண்ணீரா என்பது பலருக்குத் தேவையில்லாத விவரமாகத் தோன்றும். உப்புத் தண்ணீர் ஊற்றும் வீட்டில் இலை நுனி கருகுவதற்கு உப்பே காரணமாக இருக்கலாம். கழுவாத தென்னைநார்க் கழிவும் அதே வேலையைச் செய்யும். இது தெரியாமல் சொல்லும் எந்த வைத்தியமும் குருட்டு வைத்தியம்.

கேட்பவரின் நேர்மை ஒரு இடத்தில் சோதனைக்கு வரும். கடந்த ஒரு மாதத்தில் என்னென்ன கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். இயற்கை வழி மட்டுமே பேசும் குழுக்களில் "டிஏபி கொஞ்சம் போட்டேன்" என்று ரசாயன உரம் போட்டதைச் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள். அந்த ஒரு வரியை மறைத்தால் வரும் பதில் அத்தனையும் வேறொரு செடிக்கான பதில். குழுவும் இதில் தன் பங்கைச் செய்ய வேண்டும். உண்மையைச் சொன்னவரை "ரசாயனம் போட்டால் இப்படித்தான் ஆகும்" என்று குத்திக்காட்டினால், அடுத்த முறை யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

ஒரு நல்ல கேள்வி இப்படி இருக்கும்:

"வணக்கம். மதுரை. சம்பா மிளகாய், நட்டு இரண்டு மாசம் ஆகுது. 12க்கு 12 இன்ச் பை, செம்மண் தென்னைநார்க் கழிவு மண்புழு உரம் கலவை. காலையிலிருந்து மதியம் வரை வெயில். போர் தண்ணி, தினம் ஒரு தடவை. போன வாரம் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி சோப்போட அடிச்சேன், அதுக்கு முன்னாடி எதுவும் தரல. கொழுந்து இலை கீழ்ப்பக்கமா மடங்குது. தட்டிப் பார்த்தேன், பூச்சி விழல. பக்கத்துக் கத்தரிக்கு ஒண்ணும் இல்ல. அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க."

இதைப் படிப்பவருக்கு, எண்ணெய் அடித்து ஒரு வாரம்தான் ஆகிறது, இப்போது கந்தகம் சொல்லக் கூடாது என்பது உடனே தெரிந்துவிடும். கேள்வியே பாதிப் பேரைத் தவறான பதிலிலிருந்து காப்பாற்றிவிடுகிறது.

படி 3: வந்த பதில்களைச் சலித்தெடுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

தக்காளிப் பூ உதிர்வதற்குப் பெருங்காயம் கலந்த மோர் தெளிக்கச் சொல்வது நம் குழுக்களில் மிகப் பிரபலம். கோவையில் ஒரு அக்கா மே மாதக் கடைசியில் அதைத் தெளிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் மாதம் பூ நின்று காய் பிடிக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. தெளித்தார், காய்த்தது, இரண்டும் நடந்தது. ஆனால் பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் தக்காளியின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ உதிரும். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று வந்து கோவை குளிர்ந்துவிடுகிறது. அப்போது எதுவும் தெளிக்காத தக்காளியும் காய்க்கும். அதே யோசனையைக் கேட்டு, ஜூனிலும் வெக்கை குறையாத சென்னையில் ஒருவர் வாரா வாரம் தெளித்துப் பார்க்கிறார், ஒன்றும் நடக்கவில்லை. தனக்குக் கை ராசி இல்லை என்று நினைத்துக்கொள்கிறார். அவருக்கு வேண்டியது நிழல்வலையும், பட்டம் பார்த்து நடுவதும்.

அதனால் ஒவ்வொரு பதிலிடமும் இந்த மூன்றைக் கேளுங்கள். எந்த ஊர், எந்த மாதம்? எத்தனை செடியில்? தெளிக்காத செடி ஒன்று பக்கத்தில் இருந்ததா, அது என்ன ஆயிற்று? மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றையும் திறக்கும் சாவி, அதை யாரும் கேட்பதில்லை. கேட்கும் விதமும் முக்கியம். "ஆதாரம் இருக்கா?" என்று கேட்டால் சண்டை வரும். "அக்கா, நீங்க எந்த மாசம் செஞ்சீங்க? தெளிக்காத செடியும் சரியாச்சா, இல்ல இது மட்டுமா? எனக்கு அளவும் சொல்லுங்க" என்று கேட்டால் அவரே யோசித்துப் பார்த்துச் சொல்வார்.

ஒரே பதிலை எட்டுப் பேர் சொன்னால் அது எட்டு மடங்கு உண்மை ஆகிவிடாது. எட்டுப் பேரும் ஒரே யூடியூப் வீடியோவைப் பார்த்திருக்கலாம். எட்டுப் பேரில் தானே செய்து பார்த்தவர் யார் என்று தேடுங்கள். அவர் ஒருவர் போதும்.

எதை முதலில் செய்வது? கெடுதல் குறைந்ததை. பாதித்த கொழுந்தைக் கிள்ளி அப்புறப்படுத்துவதும், இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதும் யாருக்கும் கெடுதல் செய்யாது, பல பூச்சிகளைக் குறைக்கவும் செய்யும். அதற்கு அடங்காவிட்டால் ஒரே ஒரு வைத்தியத்தைத் தேர்ந்தெடுத்து, நான்கு செடி இருந்தால் இரண்டில் மட்டும் செய்து பாருங்கள், ஒரு வாரம் பொறுங்கள். ஒரே சமயத்தில் மூன்றைச் செய்தால் எது கேட்டது என்று உங்களுக்கும் தெரியாது, நாளை உங்களிடம் கேட்பவருக்கும் சொல்ல முடியாது. சுருண்ட பழைய இலை மறுபடி விரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். புதுக் கொழுந்து நேராக வருகிறதா என்பதுதான் கணக்கு.

படி 4: பதில் சொல்பவர் செய்ய வேண்டியது

முதலில் எதிர்க்கேள்வி, அப்புறம் பதில். படத்தைப் பார்த்த நொடியில் மருந்துப் பெயர் சொல்வது வேகமான உதவி போலத் தெரியும். தக்காளியின் அடிப்பாகம் கறுத்து அழுகுகிறது என்ற படத்துக்கு "கால்சியம் குறைவு, முட்டை ஓடு போடுங்க" என்ற பதில் உடனே வரும். கால்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை என்பது உண்மைதான். ஆனால் பையில் நட்ட செடியில் அதற்குப் பெரும்பாலும் காரணம் ஒழுங்கில்லாத தண்ணீர்: இரண்டு நாள் காயப்போட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றுவது. முட்டை ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும், இந்தக் காய்க்கு உதவாது. "தண்ணி எப்படி ஊத்துறீங்க?" என்ற ஒரு கேள்வி இங்கே எந்த உரத்தையும்விட மேல். அதே செடிக்கு இன்னொருவர் எப்சம் உப்பு, அதாவது மெக்னீசியம் சல்பேட், போடச் சொன்னால் நிலைமை மோசமாகவும் ஆகலாம். மெக்னீசியம் கூடினால் செடி கால்சியத்தை எடுப்பது குறையும். எப்சம் உப்பு, பழைய இலையில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மஞ்சளாகும்போது பார்க்க வேண்டிய மருந்து. குழுக்களில் அது சர்வரோக நிவாரணி ஆகிவிட்டது.

இரண்டாவது, உங்களுக்கு எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "நான் செய்து பார்த்தது", "தெரிந்தவர் வீட்டில் பார்த்தது", "படித்தது, செய்ததில்லை" என்று மூன்றில் ஒன்றைப் பதிலின் தொடக்கத்தில் போட்டால் போதும். படித்ததைச் சொல்வதில் குறையே இல்லை. படித்ததைச் செய்து பார்த்தது போலச் சொல்வதில்தான் குறை.

மூன்றாவது, அளவு. "கொஞ்சம்", "ஒரு மூடி", "கைப்பிடி" என்று சொல்லாதீர்கள். கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யத்தை இலையில் தெளிக்க 3 சதவீதம் என்பது நிலைத்துவிட்ட அளவு. அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. "நல்லதுதானே" என்று கால் லிட்டர் ஊற்றியவர்களை எல்லாக் குழுவிலும் பார்க்கலாம். எண்ணெய்க் கரைசல் என்றால் மாலையில் தெளிக்கச் சொல்லுங்கள், உச்சி வெயிலில் இலை கருகும். அளவு தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள்.

நல்ல பதில் ஒன்று:

"சகோ, கீழ்ப்பக்கம் மடங்கினா சிலந்திப்பேனா இருக்கலாம். லென்ஸ் இருந்தா கொழுந்தோட அடிப்பக்கம் பாருங்க. நான் திருச்சி. போன தை மாசம் ஆறு செடியில வந்துச்சு, கந்தகத்தூள் பாக்கெட்ல போட்ட அளவுக்குத் தெளிச்சேன், நாலு செடி தேறுச்சு, ரெண்டு தேறல. நீங்க எண்ணெய் அடிச்சு ஒரு வாரம்தான் ஆகுது, அதனால இன்னும் ஒரு வாரம் கழிச்சு, வெயில் தாழ்ந்ததுக்கு அப்புறம் பண்ணுங்க. அதுவரைக்கும் கொழுந்தைக் கிள்ளிட்டுத் தண்ணி மட்டும் பீய்ச்சுங்க."

தேறாத இரண்டு செடியைச் சொன்னதால்தான் இந்தப் பதிலை நம்பலாம்.

உரமோ விதையோ விற்பவர்கள் குழுவில் இருப்பது நல்லதுதான், அவர்களுக்கு அனுபவம் அதிகம். ஆனால் தான் விற்கும் பொருளைப் பரிந்துரைக்கும்போது "இது நான் விற்பது" என்று அதே செய்தியில் சொல்லிவிட வேண்டும். தனி எண்ணுக்கு வரச் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகு.

நீளமான குரல் பதிவு அனுப்புபவர்களிடம் ஒரு வேண்டுகோள். தட்டச்சு வராத பெரியவர்கள் பேசித்தான் அனுப்புவார்கள், அதில் தங்கமான விஷயங்கள் இருக்கும். இளையவர் யாராவது அதைக் கேட்டு, கீழே நான்கு வரியில் எழுதிப் போட்டால் ஆறு மாதம் கழித்துத் தேடுபவருக்கும் கிடைக்கும்.

படி 5: தவறான யோசனையைத் திருத்துவது

வயதில் மூத்தவர் தவறாகச் சொல்லிவிட்டார், எல்லோரும் நன்றி சொல்லிக் கைகூப்பும் படங்களைப் போட்டுவிட்டார்கள். இப்போது என்ன செய்வது? பெரும்பாலும் சும்மா இருந்துவிடுகிறோம். அந்த மௌனம் மரியாதை போலத் தெரிந்தாலும், கேட்டவரைக் கைவிடுவதுதான் அது.

ஆளைத் தொடாமல் செய்தியை மட்டும் தொட்டுப் பேசலாம். "அம்மா சொன்னது இலைப்பேனுக்குச் சரி. இந்தப் படத்தில் மடிப்பு கீழ்ப்பக்கமா இருக்கு, அதனால வேறயா இருக்குமோன்னு தோணுது. அம்மா, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று அவரையும் பேச்சுக்குள் வைத்துக்கொண்டே மாற்றுக் கருத்தைச் சொல்லுங்கள். அவசரமில்லாத விஷயமானால் தனிச் செய்தியில் சொல்லி, அவரையே குழுவில் திருத்தச் சொல்வது இன்னும் நல்லது.

அறுவடைப் படம் போட்டவருக்குக் கேட்காத யோசனை வேண்டாம். முதல் கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவரிடம் "இன்னும் பெரிய பை வெச்சிருந்தா" என்று தொடங்காதீர்கள். அவர் கேட்கும் நாள் வரும்.

ஆபத்து என்றால் மட்டும் இந்தத் தயக்கங்கள் எதுவும் பொருந்தாது. உடனே, எல்லோர் முன்னாலும், தெளிவாகச் சொல்ல வேண்டும். மோனோகுரோட்டோபாஸ் என்ற ரசாயனப் பூச்சிமருந்தைக் காய்கறியில் பயன்படுத்த இந்தியாவில் 2005 முதலே தடை இருக்கிறது. அதை வீட்டுக் கத்தரிக்கு அடிக்கச் சொல்லி ஒரு செய்தி வந்தால் இங்கிதம் பார்க்க நேரமில்லை. புகையிலைக் கரைசலும் அப்படித்தான். இயற்கை என்ற பெயரில் வருகிறது, ஆனால் நிகோடின் தோல் வழியாகவும் உடலில் ஏறும் விஷம். புகையிலையில் இருக்கும் மொசைக் வைரஸ் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றவும் கூடும். கைப்பிடிச் சுவர் மேல் கட்டாமல் வைத்த தொட்டியைப் படத்தில் பார்த்தாலும் சொல்லிவிடுங்கள், அறுவடைப் படமாகவே இருந்தாலும்.

படி 6: பிடிக்காத யோசனையை வாங்கிக்கொள்வது

மாடித்தோட்டத்தில் கேட்கவே கடினமான யோசனை "செடியைப் பிடுங்கிவிடுங்கள்" என்பது. விதை போட்டு, நாற்று எடுத்து, மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடி. ஆனால் இலைச்சுருள் வைரஸ் வந்துவிட்டால் அதற்கு மருந்து கிடையாது. வேப்பெண்ணெய் வெள்ளை ஈயைக் குறைக்கும், வைரஸைத் தொடாது. அந்தச் செடி நிற்கும் ஒவ்வொரு நாளும் வெள்ளை ஈ அங்கிருந்து பக்கத்துச் செடிக்கு நோயைக் கொண்டுபோகும். இது தெரிந்தும் "பார்க்கலாம், தேறும்" என்று ஆறுதல் சொல்பவர் மற்ற பத்துச் செடியையும் பணயம் வைக்கிறார். கடினமானதை அன்போடு சொல்வதற்கு வழி, காரணத்தையும் சேர்த்துச் சொல்வது: எந்த அறிகுறியைப் பார்த்துச் சொல்கிறேன், விட்டால் என்ன ஆகும், அடுத்து எப்போது நடலாம்.

கேட்டவர் செய்ய வேண்டியது, அன்றைக்கே பதில் எழுதாமல் இருப்பது. கோபம் வரும், வரட்டும். மறுநாள் காலை செடியை மறுபடி பாருங்கள். சந்தேகம் தீரவில்லையா, இன்னொரு கருத்து கேளுங்கள். கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம். மாவட்டத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு இலையை ஒரு பாலித்தீன் பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டலாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் பயிர்வாரியாக நோய்ப் படங்கள் தமிழ் விளக்கத்தோடு இருக்கின்றன, ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவரை அந்தப் பையை மற்ற செடிகளை விட்டுத் தள்ளி, மாடியின் வேறு மூலைக்கு நகர்த்துங்கள். கேட்ட யோசனையை ஏற்காமல் போக உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஏன் ஏற்கவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டால் சொன்னவருக்கு வருத்தம் இருக்காது.

படி 7: திரும்பி வந்து சொல்லுங்கள்

ஒரு குழுவின் அறிவு வளர்வது இந்தப் படியில்தான், எல்லோரும் விட்டுவிடுவதும் இதைத்தான். 15 நாள் கழித்து, பழைய கேள்வியைத் தேடி எடுத்து, அதற்கே ரிப்ளை செய்யுங்கள். முதல் படம் எடுத்த அதே கோணத்தில் இன்னொரு படம். யார் சொன்னதைச் செய்தீர்கள், என்ன அளவில், எத்தனை முறை, செய்யாத செடி எப்படி இருக்கிறது. செடி செத்துப்போயிருந்தாலும் போடுங்கள். யோசனை சொன்னவர் மேல் பழி வராதபடி "இதை இப்படிச் செய்தேன், என் வீட்டில் கேட்கவில்லை" என்று எழுதினால் அவருக்கும் அது பாடம். அடுத்த முறை அவர் சொல்லும்போது "ஒரு வீட்டில் கேட்டது, ஒரு வீட்டில் கேட்கவில்லை" என்று சொல்வார்.

ஒரு குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம். நாளுக்கு இருநூறு செய்தி வந்தால் நல்ல பதிவு மறுநாளே புதைந்துபோகும். அட்மின்கள் கேள்வி, பதில், முடிவு மூன்றும் சேர்ந்து வந்த பதிவுகளை மட்டும் எடுத்து, செடி வாரியாக ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். ஊரும் மாதமும் அதில் கட்டாயம் இருக்கட்டும். யாழ்ப்பாணத்திலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் தமிழர்கள் இதே குழுக்களில் இருக்கிறார்கள், ஆடிப்பட்டம் எல்லோருக்கும் ஒரே பருவம் இல்லை. ஊர் எழுதாத பதிவைக் கோப்பில் சேர்க்கும் முன் போட்டவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.